அறுந்த இழை

காஞ்சி நெசவாளர், பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடிப் பிணைத்த பின்னரே நெசவைத் தொடர்வார். நாட்டின் வரலாற்றிலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

1948 சனவரி 30 அன்று காந்தியடிகளைக் கோட்சே சுட்டுக் கொன்றான். அவனது சாதியினர் என்பதற்காகவே மராட்டியத்தில் குற்றமற்றோர் வீடுகள் எரிக்கப்பட்டன. கொலைச் சதியைக் கபூர் ஆணையம் ஆராய்ந்து, 1969இல் அறிக்கை அளித்தது. ஆனால் 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில், கொலைக்குப்பின் ஆர்.எஸ்.எஸ். மீது சிறிது காலம் விதிக்கப்பட்ட தடை பற்றிய வரிகள் நீக்கப்பட்டிருந்தன.

இவற்றை ஆராய்வது ஒரு சமயத்தாரையே பழிப்பதாகும் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆராய்ச்சியே குற்றவாளியைக் குற்றமற்ற அயலாரினின்று பிரித்துக் காட்டும். மறைத்தால் பழி எல்லார்மீதும் படியும். பெற்றோரே, பிள்ளைகள் வினவும்போது நடந்ததை நடந்தவாறே கூறுவோம். குற்றம் செய்தவரை மட்டுமே சுட்டுவோம்.