ஏரி வாரியம் திரும்பி வரணும்



காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர்தான் வீரநாராயணன். ஊருக்கும் ஏரிக்கும் அந்தப் பெயர்தான். அதுவே நம்ம வாயில் வீராணம் ஆச்சு.

உடையார்குடி கோயில் கல்வெட்டில் ஆதித்த கரிகாலன் கொலைச் செய்தி இருக்கு. அதைத் தேடிப் பலரும் வர்றாங்க. வரட்டும். என் கேள்வி வேற: கீழணையிலிருந்து வடவாறு வழியா நிறையுற ஏரி, சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம், 2004 முதல் சென்னைக்குக் குடிநீர். இத்தனை சுமக்குற ஏரியைப் பார்த்துக்கிறது யார்?

அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்க. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். குடவோலை முறையில் தேர்வு. பதவி ஒரு வருசம்தான். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது! ஆனா நிலமுள்ள, வேதம் படித்த ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். அந்தக் குறையை விட்டுட்டு, கணக்குக் காட்டுற ஒழுங்கை மட்டும் நாம எடுத்துக்கணும். குத்தகை விவசாயி, நாற்று நடுற பெண்கள் எல்லாரும் அதில் உட்காரணும்.

இது வெறும் கனவு இல்லை. பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் தேர்தல் மூலம் அமையணும்னு அது சொல்லுது. உங்க மதகுக்குரிய சங்கம் கடைசியா எப்போ கூடிச்சு, கேட்டிருக்கீங்களா?

இயற்கை விவசாயிக்கு இதில் தனி அக்கறை உண்டு. செங்கால் ஓடையும் வடவாறும் கொண்டுவந்து சேர்க்குற வண்டல், ஏரியில் கிடந்தா கொள்ளளவு குறையும். வயலுக்கு வந்தா மண்ணு வளமாகும். யூரியா மூட்டைக்கு வரிசையில் நிக்கிறதை விட, கோடையில் வண்டலுக்கு வண்டி கட்டுறது மேல். ஆனா எத்தனை லோடு எடுத்தாங்க, யார் வயலுக்குப் போச்சு என்ற கணக்கு ஊர்ப் பலகையில் எழுதப்படணும். இல்லேன்னா வண்டல் பேரைச் சொல்லி மண் செங்கல் சூளைக்குப் போயிடும்.

அடுத்த கிராம சபையில் இரண்டே கோரிக்கை வைப்போம்: சங்கத் தேர்தல், வண்டல் கணக்கு. ஏரி வெட்டினது ராசா காலம். அதைக் காப்பாத்த வேண்டியது நம்ம காலம்.