ஆளைப் பார்ப்பதா, சரக்கைப் பார்ப்பதா?



2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின், நம் நாள்வழியும் பேரேடும் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம், பாகூர் வட்டாரக் கடைகள் பலவற்றிலும் இன்று பில் போடுவது சாஃப்ட்வேர்தான். அந்த சாஃப்ட்வேரை எழுதியவரின் அரசியல் நமக்குப் பிடிக்கவில்லை என்றால், அதைப் பயன்படுத்தலாமா, கூடாதா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு சென்னையில் நடந்த ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சிக்குப் போக ஒப்புக்கொண்டார். உடனே அந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரையே புறக்கணிக்க வேண்டும் என்று சிலர் குரல் எழுப்பினார்கள்.

புறக்கணிப்பு வணிகர்களுக்குப் புதிதல்ல. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். அது நிறுவனத்தின் செயலைப் பற்றியது. முதலாளி எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதைப் பற்றியதல்ல. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

நம் கடைக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருகிறார்கள். எடையும் விலையும் சரியா என்று பார்க்கிறார்களே தவிர, நாம் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று கேட்பதில்லை. நாளை அப்படிக் கேட்கத் தொடங்கினால் எத்தனை கடைகள் நிற்கும்? நமக்கு வேண்டாத அளவுகோலால் பிறரை அளப்பது நியாயமா?

"நாம் கொடுக்கும் பணம் அவருடைய கொள்கைக்குத்தானே போகிறது?" என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்குவதில் அவரவர் மனம்போல் முடிவெடுக்கட்டும். ஆனால் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஜினூகேஷ் போன்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களுக்கு நாம் காசே தருவதில்லை. பல நாட்டார், பல கருத்துடையோர் சேர்ந்து எழுதியவை அவை. ஊர்ப் பொதுக்குளம் போன்றவை. வெட்டியவர்களில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்று தண்ணீர் எடுக்காமல் இருப்போமா?

ஆனால் குளத்துத் தண்ணீரிலேயே எதையாவது கலந்துவிட்டால் கதை வேறு. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை எதிர்த்த ஒருவர், தாம் பராமரித்த நோட்-ஐபிசி என்ற ஓப்பன் சோர்ஸ் நிரலில், ரஷ்யா, பெலாரஸ் நாட்டுக் கம்ப்யூட்டர்களின் கோப்புகளை அழிக்கும் வரிகளைச் சேர்த்தார். போரை எதிர்ப்பது அவர் உரிமை. பிறர் கணக்கை அழிப்பது உரிமையல்ல. மூலநிரல் திறந்திருந்ததால்தான் மற்றவர்கள் அதைப் படித்துக் கண்டுபிடித்தார்கள்.

காசு கொடுத்து வாங்கியதிலும் ஆபத்து உண்டு. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. நயாரா டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. அவர்களால் வழக்குப் போட முடிந்தது. நம்மால் முடியுமா?

ஆகவே, எழுதியவர் எந்தக் கட்சி என்று விசாரிப்பதைவிட, நம் பேரேட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்று விசாரிப்பதே வணிகனுக்கு அழகு. கணக்கை வேறு சாஃப்ட்வேருக்கு மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். தினமும் கடை கட்டும்போது ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். இதற்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்த நமது சங்கம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.