அணுகுண்டுக்கும் அரைப்பேருக்கும் என்ன சம்பந்தம்?



போன மாதம் தோட்டத் தலைவர்மார் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: “அரைப்பேர் போடுறத நிப்பாட்ட வழியக் காணோம், சங்கம் அணுகுண்டப் பத்திப் பேசப்போகுதா?” நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறோம்.

1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் கதை ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் குண்டுத் திட்டத்துக்குப் போன யுரேனியத்தின் பெரும்பங்கு, பெல்ஜியம் ஆண்ட கொங்கோவில், ஷிங்கோலோப்வே சுரங்கத்தில் ஆபிரிக்கத் தொழிலாளர் வெட்டியது. வெள்ளைக்காரக் கம்பனி, அடிமாட்டுக் கூலி. நம் பாட்டன் பாட்டிமாருக்குத் தெரியாத கதையா இது? அந்த வருட முடிவுக்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டார்கள். ஜப்பானுக்கு வேலைக்கு இழுத்துவரப்பட்ட கொரியர்களும் அதில் ஆயிரக்கணக்கில் உண்டு. வெட்டியவனும் தொழிலாளி, வெந்தவனும் தொழிலாளி.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதின. இரண்டிடமும் தலா 170 அளவில் அணுகுண்டுகள் இருக்கின்றன. அவை வெடித்தால் எழும் கரும்புகை சூரியனை மறைத்து, உலகெங்கும் பயிரை அழிக்கும். 200 கோடிப் பேர்வரை பட்டினியால் சாகலாம் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. 2022இல் மா விலை ஏறியபோது லயத்தில் எத்தனை அடுப்பில் ரொட்டி வேகவில்லை என்பதை நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

“குண்டு இருப்பதால்தான் சண்டை வரவில்லை” என்கிறார்கள் சில பெரியவர்கள். பொய்! 1998 மே மாதம் இரு நாடும் குண்டு வெடித்துச் சோதித்தன. மறு வருடமே கார்கிலில் சண்டை. இத்தனை பகையிலும், ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் ஒப்பந்தம் எழுதி, வருடந்தோறும் ஜனவரி 1இல் அந்த நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றுகிறார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இலங்கை 2023 செப்டெம்பரில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அரசாங்கத்தைத் திட்ட நமக்குக் காரணம் பஞ்சமில்லை; இதில் மட்டும் சரியாகவே செய்தது. ஆனால் கையெழுத்தோடு வாய் மூடிவிடக் கூடாது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் இல்லை. இரு நாடுகளும் சேர வேண்டும் என்று கொழும்பு பகிரங்கமாகக் கேட்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக ஆகஸ்ட் 6 மாலை எல்லாத் தோட்டக் கமிட்டிகளிலும் வைக்கிறோம். அதே கூட்டத்தில் அரைப்பேர் பிரச்சினையும் எடுக்கப்படும். கேள்வி கேட்ட தோழரும் கட்டாயம் வரவேண்டும்.