வாயிற்காவல் ஒன்றுதானா?

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் அலைமோதியது. 14 கிலோமீட்டர்ச் சுற்றுப்பாதையை ஒட்டிய விடுதியொன்றின் வாயிலில், நீலச் சீருடையணிந்து வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். போளூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், வயது 42. தரைப்படையின் இ.எம்.இ. பிரிவில் 22 ஆண்டுகள் வாகன மெக்கானிக்காகப் பணியாற்றியவர். லடாக்கின் குளிரில் உறைந்துபோன லாரி எஞ்சின்களை மீண்டும் ஓடவைத்த கைகள் அவருடையவை. "மெக்கானிக் வேலை தேடவில்லையா?" என வினவினோம். "மிலிட்டரிக்காரன் என்றாலே வாட்ச்மேன் வேலைதானே சார் கொடுக்கிறார்கள்!" என்றார்.

காவற்பணியை நாம் இழிவாகக் கருதவில்லை. தமிழக அரசு 1986-ஆம் ஆண்டு நிறுவிய முன்னாள் படைவீரர் கழகமாகிய டெக்ஸ்கோ, பெரும்பாலும் அப்பணியின் வாயிலாகவே எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வளித்து வருகிறது. ஆயினும் கைத்தொழில் கற்றவர் அதைக் கைவிட்டுக் கதவருகே நிற்பது யாருக்கு இலாபம்?

நாடெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளிலிருந்து விடுபடுகின்றனர். அவர்களுள் மிகப் பலர் நாற்பதை ஒட்டிய வயதினர். பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறும் காலம் அது. கணவன் எல்லையில் இருக்கத் தனியே குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவி, இனியேனும் பாரம் குறையும் என்று காத்திருக்கும் காலமும் அதுவே.

தடை எங்கே? விண்ணப்பத்தில் 'நாயக்' என்றோ 'ஹவில்தார்' என்றோ எழுதினால் ஆரணியிலுள்ள பணிமனை முதலாளிக்கு என்ன விளங்கும்? எவ்வகை எஞ்சின்களைப் பழுதுபார்த்தார், எத்தனை பேரை மேற்பார்த்தார், உதிரிபாகக் கணக்கு எழுதினாரா என்பவையே அவருக்கு வேண்டும். இதனை ஒரு பக்கத்தில் எழுதித்தர, நம் இல்லங்களில் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்கு அரை நாள் போதாதா?

அரசுப் பணியை நாடுவோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தவறாது பதிந்துகொள்ளல் வேண்டும். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. வயதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. படைப்பணி ஆண்டுகளைக் கழித்து எஞ்சும் வயது, வரம்பை 3 ஆண்டுகளுக்குமேல் மீறாதிருந்தாற் போதும். நம் மெக்கானிக்கின் கணக்கில் எஞ்சுவது 20! பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் பணியாற்றியவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் ஒதுக்கீட்டுப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாக உள்ளவை மட்டும் விலக்கு.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஒதுக்கீட்டின்கீழ் அரசுப் பணியொன்றில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், மறுமுறை அச்சலுகையைப் பெறுதல் அரிது. ஆகவே அதற்குமுன் வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றின் விவரத்தைத் தேதியுடன் சேரும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தனியார் காவற்பணியால் இச்சலுகை போய்விடாது.

2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்வோர்க்குப் பணி 4 ஆண்டுகளே. அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாக்கப்படுவர். ஏனையோர்க்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் இல்லை. இளம் வயதிலேயே ஊர் திரும்பும் அப்பிள்ளைகளுக்கும் வாயிற்கதவைத்தான் காட்டப்போகிறோமா?

மெக்கானிக்கின் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கிறதாம். எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். அடுத்த பௌர்ணமிக்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தாக வேண்டும்.