சினிமாவில் பார்த்த இடத்துக்கு டவுன் பஸ்ஸில் போவோம்!



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும், காதல் வரும், நகைச்சுவைத் துணுக்கு வரும். நான் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். கோரிக்கை நம் மாணவர் பேரவைக்கு. ஆனால் நீங்களும் சேர்ந்து கேட்டால்தான் அது காதில் விழும்.

கோரிக்கை இதுதான். வருஷத்துக்கு ஒரு பெரிய டூர் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு செமஸ்டருக்கு ஒரு முறை, ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி, நானூறு ரூபாய்க்குள், நம் பக்கத்தில் சினிமா எடுத்த இடங்களுக்குப் பேரவை அழைத்துப் போக வேண்டும். அரசுப் பேருந்தில், கட்டுச்சோற்றோடு.

சிரிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

டூருக்கு ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை. சொகுசு பஸ், பாட்டு, மூன்று நாள், இரண்டு ராத்திரி லாட்ஜ். பெயர் மட்டும் 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது வகுப்பில் சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். சிலர் வீட்டில் விசேஷம் வரும். உண்மைக் காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. எனக்கும் இரண்டு வருஷம் விசேஷம் வந்தது! என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், வாரக்கூலி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆறாயிரம் கேட்டால் அப்பா கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவார். அதனாலேயே கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் வந்ததும் எங்களில் நாலு பேர் ஒரு முடிவுக்கு வந்தோம். டூர் போக முடியாதவர்கள் ஊரே பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? போனில் பழைய படம் பார்க்கிறோம், 'இது எந்த ஊருடா' என்று சண்டை போடுகிறோம். போய்ப் பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்தது. அப்படித்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடம் போனோம்.

முதலில் கொடிவேரி. கோபிச்செட்டிபாளையத்துக்குச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்று பேர் இருப்பது உங்களுக்குத் தெரியும். பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோயிலும் அந்தப் பக்கம்தான். வயல், வாய்க்கால், தென்னை, தூரத்தில் மலை என்று காட்ட வேண்டுமானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். கொடிவேரி அணையில் தண்ணீர் வரிசையாக விழுகிற காட்சியைப் படத்தில் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது.

ஆனால் அந்த அணை யார் கட்டியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கொங்காள்வான் காலத்தில், 1125-ல் கட்டியதாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷம்! கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் பிணைத்து, இடுக்கில் ஈயம் காய்ச்சி ஊற்றினார்களாம். சிமெண்ட் கிடையாது, கிரேன் கிடையாது. அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால் பிரிகிறது. சுமார் 24 ஆயிரம் ஏக்கர் பாசனம். பாட்டு சீனில் நாம் பார்க்கிற பச்சை வயலெல்லாம் அந்த வாய்க்கால் கொடுத்த பச்சை.

இந்த இடத்தில் என் அம்மிச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தடப்பள்ளி வாய்க்கால் வயல்களில் வருஷக்கணக்காக நாற்று நட்டவர். ஒரு தடவை ஷூட்டிங்குக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்தபோது அவரும் போய் நின்றாராம். மதியம் சோறு, சாயந்திரம் கூலி. "என்ன படம் அம்மிச்சி?" என்று கேட்டேன். "அதாரு கண்டா? வெயில்ல நிக்கச் சொன்னாங்க, நின்னேன்" என்றார். அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர் முகம் அதில் இருக்கிறதா, வெட்டி எறிந்துவிட்டார்களா என்றும் தெரியாது. நாற்று நட்டதும் அவர்தான், அந்த நாற்றுக்கு முன்னால் நின்றதும் அவர்தான். படத்தில் பேர் வந்தது வேறு யாருக்கோ.

என் கருத்து இங்கேதான் இருக்கிறது நண்பர்களே. நாம் ரசித்துப் பார்க்கிற சினிமா இடங்களில் பாதி, யாரோ உழைத்துக் கட்டிய இடங்கள். அணை, பாலம், ரயில் பாதை, வாய்க்கால், பழைய வீடு. ஹீரோ நின்ற இடத்தைத் தேடிப் போனால், அந்த இடத்தைக் கட்டியவனும் அதில் பாடுபட்டவளும் கண்ணுக்குத் தெரிவார்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு அது தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

இரண்டாவது இடம் இதை இன்னும் நன்றாகச் சொல்லும். பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982-ல் வந்த படம். கடைசிக் காட்சி நடக்கிற ரயில் நிலையம், ஊட்டிக்குப் போகிற வழியில் இருக்கும் கேத்தி. டேவிட் லீன் 1984-ல் 'எ பாசேஜ் டு இந்தியா' எடுத்தபோது இந்த மலை ரயிலைத்தான் பயன்படுத்தினார். 1998-ல் மணிரத்னம் 'தில் சே' படத்தில், தமிழில் 'உயிரே', ரயில் கூரைமேல் ஆட வைத்த பாட்டும் இதே பாதையில் எடுத்ததுதான்.

சத்தி வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து குன்னூர், எல்லாம் அரசு பஸ். மேட்டுப்பாளையத்திலிருந்தே ரயிலில் ஏற வேண்டும் என்று ஆசைதான், சீசனில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் குன்னூர் ஸ்டேஷனில் காத்திருந்து, நீராவி எஞ்சின் மேலே ஏறி வருவதைப் பார்த்தோம். ரயிலில் வந்தவர்கள் கூடப் பார்க்காததைப் பார்த்தோம் என்று சொல்வேன்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கியது, ஊட்டிக்கு 1908-ல் போய்ச் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் 12-க்கு 1. பன்னிரண்டு மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, தள்ளித் தள்ளி இருக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பினியன் சக்கரங்களில் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஆப்ட் முறை என்று பெயர். எஞ்சினில் நாலு சிலிண்டர். இரண்டு, சாதாரணச் சக்கரத்துக்கு. அதில் வேலை செய்து வெளியே வருகிற நீராவியை வாங்கி மற்ற இரண்டும் பல் சக்கரத்தைச் சுற்றுகின்றன. ரேக் அண்ட் பினியன் என்று லேபில் கையளவு மாடலைப் பார்த்து, ரெக்கார்டில் படம் வரைந்து மார்க் வாங்கினோம். ஒரு மலையளவுக்கு அது வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. இந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. 2010-களில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். நம்மைப் போல ஐடிஐயும் டிப்ளமோவும் படித்தவர்கள் வேலை பார்க்கிற இடம் அது. பாதை 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உலகமே பாராட்டுகிற ஒரு பொருளுக்கு ஸ்பேனர் பிடித்த கை நம் மாதிரிக் கை!

குன்னூரிலிருந்து கேத்திக்கு டீசல் எஞ்சின் இழுத்துப் போனது. கேத்தி சின்ன ஸ்டேஷன். அந்தக் கடைசிக் காட்சியை நினைத்துக்கொண்டு நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். அதற்கு மேல் அதை விவரிக்க எனக்குத் தெரியாது. போய் நின்று பாருங்கள்.

செலவு? கொடிவேரிக்கு ஆளுக்கு 140 ரூபாய், பொரித்த மீன் உட்பட. குன்னூர், கேத்தி, ஊட்டிக்கு ஆளுக்கு 400-ஐத் தாண்டவில்லை. புளிசாதம் வீட்டிலிருந்து. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்று வந்துவிட்டது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கூடப் படிக்கிற தோழிகளுக்கு ஒரு செய்தி: 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கோபி, கொடிவேரிப் பக்கம் போக உங்களுக்கு எங்களைவிடக் குறைந்த செலவுதான் ஆகும். ஆனால் வீட்டில் விடுவார்களா என்பது வேறு கேள்வி. நாங்கள் நாலு பேர் போனால் 'ஊர் சுற்றப் போனான்' என்பதோடு முடிந்தது. அவர்களுக்கு அப்படி முடியாது. பேரவையே ஆசிரியர் துணையோடு அழைத்துப் போக வேண்டும் என்று நான் கேட்பதற்கு முக்கியக் காரணம் அதுவே.

'படிக்கிற பிள்ளைகளுக்குச் சினிமா எதற்கு?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அணை பார்க்க வா என்றால் பத்து பேர் வருவார்கள். படம் எடுத்த அணை என்றால் எண்பது பேர் வருவார்கள். வந்த பிறகு அணையைப் பார்க்காமல் எங்கே போவார்கள்? கசாயத்தில் கொஞ்சம் கருப்பட்டி சேர்ப்பது தப்பா?

'அங்கே போய்ப் பையன்கள் ஆபத்தை விலைக்கு வாங்குவார்கள்' என்பது இன்னொரு ஆட்சேபம். இது நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். 1991-ல் 'குணா' வந்த பிறகு கொடைக்கானலில் அந்தக் குகைக்கே படத்தின் பெயர் வந்துவிட்டது. 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்து, கூட வந்தவரே கயிறு கட்டி இறங்கி மேலே கொண்டுவந்த கதைதான் 2024-ல் வந்த 'மஞ்ஞுமல் பாய்ஸ்'. படம் பார்த்துவிட்டு நட்புக்குக் கைதட்டினோம், சரி. வேலி ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதையும் அதே படம்தான் சொல்கிறது. ரயில் கூரையில் ஆடுவதும் அப்படித்தான், அது ஷூட்டிங்குக்கு மட்டும். கையில் காசு கம்மி என்பது வேலி தாண்டுவதற்கு லைசென்ஸ் ஆகாது.

ஆகவே பேரவைக்கு என் யோசனைகள்:

ஒன்று, ஒரு நாள் பயணம், அரசு பஸ், சாதாரண ரயில் மட்டும். செலவு நானூறுக்குள் நிற்க வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்குப் பேரவைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும், பெயரை வெளியே சொல்லாமல்.

இரண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம், டீயும் பலகாரமும் அந்த ஊர்க் கடையில் வாங்குவோம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பாறையில், தூணில் பேர் எழுதுகிற ஆசாமி அடுத்த பயணத்துக்குக் கிடையாது. படம் எடுத்த வீட்டில் இப்போதும் ஆள் குடியிருக்கலாம். கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

மூன்று, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கக் கூடாது, தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு வருகிறவரை பஸ்ஸிலேயே ஏற்றக் கூடாது.

நான்கு, போய் வந்த ஒவ்வோர் இடத்துக்கும் நாமே ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். எந்தப் படம், எந்த வருஷம் என்பதோடு, யார் கட்டியது, எப்படி வேலை செய்கிறது, அங்கே யார் பாடுபடுகிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் அரசாளு என்று ஒரு சின்ன ரயில் நிலையம். 1980-களில் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரை அங்கே எடுத்தார்கள். பழைய ஸ்டேஷன் கட்டிடத்தை இடித்துத் தள்ளாமல் ரயில்வேக்காரர்கள் அதை மால்குடி மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு டி.வி. தொடருக்காக ஒரு கட்டிடம் பிழைத்தது! நம்மால் மியூசியம் வைக்க முடியாது. ஒரு பக்கம் எழுத முடியும். சிவில்காரர்கள் அணையை எழுதட்டும், நாங்கள் எஞ்சினை எழுதுகிறோம். அடுத்த வருஷ மலரில் அந்தக் குறிப்புகள் வரட்டும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் கடைசி செமஸ்டரில் இருப்பேன். நான் கேட்பது பேரவையின் செலவுக் கணக்கில் மிகச் சின்னத் தொகை. அது கிடைத்தால், அடுத்த வருஷம் முதலாண்டில் சேருகிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ டூர் சமயத்தில் பொய்க் காய்ச்சல் வர வேண்டிய அவசியம் இருக்காது. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். கை தூக்குங்கள்.

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை