தரையின் ஆயுள் தளத்தில் இருக்கிறது

வீட்டைப் புதுப்பிக்கவும் கடையைச் சீரமைக்கவும் கடன் நாடி வருவோர் கொண்டுவரும் மதிப்பீடுகளில் தரைக்கெனத் தனி வரி ஒன்று இருக்கும். அந்த வரியில் கல்லின் நிறமும் சதுர அடி விலையும் குறிக்கப்பட்டிருக்கும். அதன் அடியில் உள்ள கான்கிரீட் எந்நிலையில் இருக்கிறது, புதிய தரை எத்தனை ஆண்டு உழைக்கும், இடையில் என்ன பராமரிப்பு வேண்டும் என்பன பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. தரை கண்ணால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கான தவணையை ஆண்டுக்கணக்கில் செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைப் பற்றியே வாடிக்கையாளர்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இன்று சந்தையில் கிடைக்கும் தெரிவுகளுள் ரெசின் கலந்த கல்தரையும் ஒன்று. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள கூழாங்கற்களையோ உடைத்த பொடிக்கற்களையோ எப்பாக்சி அல்லது பாலியூரித்தேன் ரெசினுடன் நன்றாகக் கலந்து, இருக்கும் தளத்தின் மீதே கரணையால் பரப்பி இழைக்கிறார்கள். டைல்ஸ் தரையில் காணும் இணைப்புக் கோடுகள் இதில் இரா. தளத்தில் ரெசினைத் தடவி, அதன்மேல் கல்லைத் தூவி ஒட்டவைக்கும் முறையும் உண்டு. அதில் கற்கள் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருப்பதால் நாளடைவில் உதிர வாய்ப்பு மிகுதி. இரண்டும் வெவ்வேறு பணிகள். விலைப்புள்ளி கேட்கும்போதே எந்த முறை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இணைப்பில்லாத் தரை நம் நாட்டுக்குப் புதியதன்று. கொல்கத்தாவின் பழைய இல்லங்களிலும் தென்னிந்திய வீடுகளிலும் சிவப்பு ஆக்சைடு தரைகள் இன்றும் வழவழப்புடன் விளங்குகின்றன. மும்பையில் 1930களில் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்கள் பலவற்றில் இட்ட இடத்திலேயே தேய்த்து மெருகேற்றிய மொசைக் தரைகளைக் காணலாம். அவை நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மொசைக் தரையின் மேலடுக்கு தடிப்பானது. மங்கியபோது மீண்டும் தேய்த்து மெருகேற்ற இடம் தந்தது. ரெசின் கல்தரையை அவ்வாறு தேய்க்க இயலாது. மேற்பூச்சை மட்டுமே புதுப்பிக்க முடியும். எனவே உங்கள் வீட்டில் விரிசலில்லாத பழைய மொசைக் தரை இருக்குமாயின், அதை மூடிவிடுமுன் மெருகேற்றுவதற்கான செலவைக் கேட்டறியுங்கள். ஒருவேளை கடனே தேவைப்படாமற் போகலாம்.

மூடித்தான் ஆகவேண்டும் என்னும் நிலையில், இந்தத் தரைக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. பழைய தரையை உடைக்க வேண்டுவதில்லை. 300 சதுர அடிப் பரப்புள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பழைய டைல்ஸும் அதன் அடியிலுள்ள சிமெண்டுக் கலவையும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் தடிப்பு எனக் கொண்டால், உடைத்து வெளியேற்ற வேண்டிய இடிபாடு ஏறத்தாழ 2.8 டன். அதை அள்ளவும் ஏற்றவும் கூலி. கொட்டவும் முறையான இடம் வேண்டும். கட்டட இடிபாடுகளைக் கண்ட இடத்தில் கொட்டலாகாது என்பதையும், அவற்றை முறையாக ஒப்படைப்பது உண்டாக்கியவரின் பொறுப்பு என்பதையும் 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாக்கின. அதே பரப்பில் 12 மில்லிமீட்டர் தடிப்பில் பரப்பும் ரெசின் கல்தரையின் எடை அரை டன்னுக்குச் சற்றே மிகும். பழைய தரையின் மேலேயே மீண்டும் கலவையிட்டு டைல்ஸ் ஒட்டினால் கட்டடத்தின் மேல் ஏறும் சுமையோடு ஒப்பிட்டால் இது சிறிதே. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. எனினும் எந்தச் சுமையைக் கூட்டும் முன்பும் பொறியாளரின் கருத்தைப் பெறுவதே முறை.

வணிகருக்கு மற்றொரு கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் நிகர வருவாய் தரும் கடை, தரை வேலைக்காகப் பத்து நாள் மூடப்பட்டால் இழப்பு 40,000 ரூபாய். நான்கு நாளில் வேலை முடிந்தால் இழப்பு 16,000 ரூபாய். இந்த 24,000 ரூபாய் வேறுபாடு எந்த விலைப்புள்ளியிலும் இடம்பெறாது. ஆனால் அது உங்கள் பணம். இரு முறைகளின் செலவை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

நன்மைகளைச் சொன்ன அளவுக்கு வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தளத்தின் நிலை. புதிய தரை பழைய தளத்தைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. தளம் பெயர்ந்தால் தரையும் பெயரும். பழைய டைல்ஸைக் கட்டையால் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி எழும் இடங்களைப் பெயர்த்துச் சீர்செய்யாமல் மேலே பரப்புவது வீண். எண்ணெய்க் கறை, மெழுகு, பழைய வண்ணப்பூச்சு ஆகியவற்றையும் முழுமையாக நீக்கியாக வேண்டும். கட்டடத்தின் விரிவுக்கென விடப்பட்ட இணைப்புகளைப் புதிய தரையிலும் அதே இடத்தில் விட வேண்டும். 'இணைப்பில்லாத் தரை' என்ற சொல்லை நம்பி அவற்றை மூடிவிட்டால், கட்டடம் தன் போக்கில் விரிந்து சுருங்கும்போது அதே இடத்தில் விரிசல் தோன்றும்.

இரண்டாவது, ஈரம். மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற மழை மிகுந்த நகரங்களில் தரைத்தளக் கட்டடங்களில் நிலத்தின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலேறுவது இயல்பு. அந்த ஈரம் ரெசினின் பிடிப்பைத் தளர்த்திவிடும். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தளத்தின் மீது விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதவாறு நாடாவால் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் படிந்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரத்துக்குத் தீர்வு காணாமல் வேலையைத் தொடங்கலாகாது. புதிதாக இட்ட கான்கிரீட்டானால் குறைந்தது 28 நாள் பதப்பட்டு உலர்ந்த பின்னரே இச்சோதனையைப் பற்றி எண்ணலாம். சில ரூபாய் மதிப்புள்ள ஒரு தாள், பல ஆயிரம் ரூபாய் இழப்பைத் தடுக்கும்.

மூன்றாவது, வெயில். எப்பாக்சி ரெசின் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். ஆகவே மாடம், முற்றம், கடை முகப்பு போன்ற வெயில் படும் இடங்களுக்கு, வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் வகைப் பாலியூரித்தேனையே கேட்க வேண்டும். அதன் விலை கூடுதல். வீட்டுக்குள் வெயில் படாத அறைக்கும் திறந்த முற்றத்துக்கும் ஒரே விலை சொல்லப்பட்டால், ஏன் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

நான்காவது, துளைகள். கற்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ள தரையில் நீர் தேங்காமல் உள்ளிறங்கும். சொரசொரப்பினால் கால் வழுக்காது. மழைச்சாரல் படும் திண்ணைக்கும் முதியோர் நடமாடும் முன்வாசலுக்கும் இது நன்மையே. அதே இடைவெளிகளில் எண்ணெயும் உணவுத் துகள்களும் புகுந்தால் அகற்றுவது அரிது. உணவு வணிகத்துக்கான உரிமம், பதிவு குறித்த 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின் 4ஆம் அட்டவணை, தரை நல்ல நிலையிலும் எளிதில் தூய்மைசெய்யத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகையால் உணவகச் சமையற்கூடத்துக்கும் இனிப்பகத்தின் தயாரிப்புக் கூடத்துக்கும் துளையுள்ள கல்தரை ஏற்றதன்று. அங்கே துளையற்ற வேறு தரையையே நாடுவது அறிவுடைமை. துளைகளை அடைக்கும் மேற்பூச்சு உண்டு. ஆனால் அதை இட்டால் வழவழப்பு கூடும், வழுக்கும் இயல்பும் கூடும்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் நம் கருத்து இதுவே. வெற்றொலியில்லாத, ஈரமற்ற தளத்தின் மேல், வீட்டின் முன்வாசல், மாடம், வரவேற்பறை, துணிக்கடை அல்லது அலுவலகத்தின் பார்வையாளர் பகுதி ஆகியவற்றுக்கு ரெசின் கல்தரை தக்கது. சமையலறைக்கும் ஈரம் ஏறும் தரைத்தளத்துக்கும் அதைத் தவிர்க்கலாம். குளியலறையில் வாட்டம் சரியாக அமையாவிடில் எந்தத் தரையும் பயன் தராது. மேலும் தரைமட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கதவுகளின் அடியை இழைக்க வேண்டிவரும். மாடத்தின் தரை உயர்ந்தால் மழைநீர் அறைக்குள் திரும்பலாம். இச்சிறு வேலைகளின் செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கல்லின் அளவு, ரெசினின் வகை, முடிந்த தரையின் தடிப்பு, தளத்தைச் சீர்செய்யும் வேலையின் விவரம், உத்தரவாதக் காலம், உத்தரவாதத்துக்குள் அடங்காதவை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். தளச் சீரமைப்பு தனி வரியாக இருப்பது இன்றியமையாதது. அதை மறைத்துக் குறைந்த விலை கூறுவோரும், அதைச் சேர்த்து உண்மை விலை கூறுவோரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர்கள் அல்லர். தொகையை மூன்று கட்டமாகப் பிரித்து, தளம் சீரானதைப் பார்த்த பின் இரண்டாம் பகுதியையும், தரை இறுகி முதல் முறை கழுவிப் பார்த்த பின் இறுதிப் பகுதியையும் தருவது நலம். பணத்தை வங்கிக் கணக்கு வழியே செலுத்தி, வரி விவரத்துடன் கூடிய விலைப்பட்டியலைப் பெற்று வையுங்கள். பின்னர் குறை எழுந்தால் உங்கள் கையில் இருக்கும் சான்று அதுவே.

இனி, கடன். 3 லட்ச ரூபாயை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் பெற்றதாக ஒரு கணக்குக்குக் கொள்வோம். 5 ஆண்டில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,374 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 82,000 ரூபாய். அதையே 15 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 3,224 ரூபாயாகக் குறையும். வட்டியோ ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக உயரும். தரைக்குச் செலவிட்ட தொகைக்கு நிகரான தொகை வட்டியாகவே போய்விடும். அதற்குள் மேற்பூச்சைப் புதுப்பிக்கும் செலவும் வந்து சேரும். வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் 15 ஆண்டுக் கடன் பொருந்தும். தேயும் பரப்புக்குப் பொருந்தாது. உத்தரவாதக் காலத்தை விடக் கடன் காலம் மிகலாகாது என்பதை ஒரு வரம்பாகக் கொள்ளலாம். அந்தத் தவணை தாங்காது எனில், பரப்பைக் குறையுங்கள், ஆண்டுகளைக் கூட்டாதீர்கள்.

'வட்டியில்லாத் தவணை' என்னும் அறிவிப்புகளையும் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை, அச்செலவு வேறு பெயரில் வாடிக்கையாளர் மீதே சுமத்தப்படுகிறது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. தனிநபர்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் வழங்கும் தவணைக் கடன்களில், எல்லாக் கட்டணமும் அடங்கிய ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்னும் விதி 1.10.2024 முதல் நடைமுறையில் உள்ளது. கையெழுத்திடுமுன் அத்தாளைக் கேட்டுப் படியுங்கள். வங்கி அலுவலர் எவரும் அதனைத் தொல்லையாகக் கருத மாட்டார்.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் பழைய வரிமுறையில், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு இருந்தது. அச்சட்டத்தின் புதிய வரிமுறையில் அக்கழிவு இருக்கவில்லை. வணிகருக்கோ, செலவு பழுதுபார்ப்பா மூலதனமா என்பதைப் பொறுத்து வரி மாறும். நடப்பு ஆண்டின் விதியைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவு பெறுக. வரிச் சலுகைக்காகக் கடனைப் பெரிதாக்குவது எக்காலத்தும் ஆதாயமாகாது.

கல் மாதிரிகளை விரித்துவைத்து நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு முந்திய நாள் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு கட்டையால் அறை முழுவதும் தட்டிப் பாருங்கள். அவற்றின் முடிவை எழுதிக்கொண்டு, மதிப்பீட்டுடன் வங்கிக் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு என்பதை அதன்பின் பேசுவோம்.