கோவைக்கு ரயிலே மேல்

சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

இந்தக் கணக்கு பாதிதான். பெரம்பூர்க்காரர் மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், பெல்ட்டைக் கழற்றி, லேப்டாப்பைத் தட்டில் வைத்து, வரிசையில் நகர வேண்டும். பீளமேட்டில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து வீடு சேர்வதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிடும்.

சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தவர் காலையில் கோவையில் இறங்கிவிடுகிறார். பகல் முழுக்க மிச்சம், ஓட்டல் செலவும் மிச்சம். சேலம், ஈரோடு, திருப்பூர் பயணிகளுக்கும் அதே ரயில்தான்.

அவசர மருத்துவத்துக்கு விமானம் தேவைதான். ஆனால் ரயில் டிக்கெட் கிடைக்காததாலேயே பலர் விமானம் ஏறுகிறார்கள். தீபாவளி, பொங்கல் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நின்றுபோனது.

இரவு ரயில்களைக் கூட்டுங்கள். முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடுங்கள். ரயில்வே உடனே செய்ய வேண்டியவை இவை இரண்டும்.